பிடித்த இடம் சரி, விளைந்தது பேரிடர்: டிஜிஎன்1412 எதிர்ப்பொருள் சோதனை குறித்த நிகழ்வு ஆய்வு

2006ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் காலை, வடமேற்கு லண்டனில் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்துக்குள் பரெக்ஸல் என்னும் மருந்தாய்வு நிறுவனம் நடத்திவந்த தனிப்பிரிவில், நல்ல உடல்நலத்துடன் இருந்த எட்டு ஆண்களுக்கு ஒருவர்பின் ஒருவராகச் சிரைவழி ஊசி செலுத்தப்பட்டது. அவர்களில் ஆறு பேருக்கு, அதுவரை எந்த மனிதருக்கும் தரப்படாத டிஜிஎன்1412 என்ற மோனோகுளோனல் எதிர்ப்பொருள், அதாவது ஒரே இலக்கைப் பற்றும்படி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட நோயெதிர்ப்புப் புரதம், கிடைத்தது; இருவருக்கு மருந்தில்லாத போலிக் கரைசல் கிடைத்தது. மருந்து பெற்ற ஆறு பேரும் 90 நிமிடங்களுக்குள் நோயுற்றனர். 16 மணி நேரத்துக்குள் ஆறு பேரின் நிலையும் உயிருக்கு ஆபத்தான கட்டத்தை எட்டியிருந்தது.

எதிர்ப்பொருள் மருந்துகளைப் பற்றி எழுதுவோர் அவற்றின் குறி தவறாமையையே பெரிதும் போற்றுவது வழக்கம். இந்நிகழ்வை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இங்கே அந்தக் குறி இம்மியும் தவறவில்லை என்பதுதான். மருந்து எந்த மூலக்கூறைப் பற்றவேண்டும் என்று வடிவமைக்கப்பட்டதோ அதையே பற்றியது. அதில் மாசு இருக்கவில்லை. அளவில் எண்ணிக்கைப் பிழையும் இருக்கவில்லை. அப்படியிருந்தும் ஆறு பேர் சாவின் விளிம்புவரை சென்றார்கள் என்றால், பற்றுவதற்கும் பற்றியபின் நிகழ்வதற்கும் இடையே உள்ள தொலைவை அந்த மருந்தை உருவாக்கியவர்கள் எப்படி அளந்தார்கள் என்பதைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

எதிர்ப்பொருளின் அமைப்பும் அது செய்யும் மூன்று வேலைகளும்

நம் இரத்தத்தில் உள்ள பி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் ஒவ்வொன்றும் ஒரே வகை எதிர்ப்பொருளை மட்டுமே உண்டாக்கும். இரண்டு கனச் சங்கிலிகளும் இரண்டு இலகுச் சங்கிலிகளும் சேர்ந்து ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் அமைந்த புரதம் அது. கவைபோல் பிரியும் இரு கைகளின் நுனிகள் எதிர்ப்பொருளுக்கு எதிர்ப்பொருள் வேறுபடும். எதைப் பற்றுவது என்பதை அந்நுனிகளே தீர்மானிக்கின்றன. கீழே உள்ள தண்டுப்பகுதி ஒரு வகுப்பைச் சேர்ந்த எதிர்ப்பொருள்கள் அனைத்துக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். பற்றியபின் உடலின் மற்றச் செல்களை அழைப்பதும், கிருமிகளை அழிக்க உதவும் நிரப்புப் புரதங்களைத் தூண்டுவதும் இந்தத் தண்டின் பணி.

மருத்துவம் இந்த அமைப்பை மூன்று வழிகளில் பயன்படுத்துகிறது. முதலாவது, தடுத்தல். நஞ்சையோ வைரஸையோ அழற்சிப் புரதத்தையோ எதிர்ப்பொருள் பற்றிக்கொண்டால், அது தன் இலக்கில் சென்று ஒட்ட முடியாது. 1890இல் எமில் பேரிங்கும் ஷிபாசபுரோ கிடசாடோவும் டெட்டனஸ், டிப்தீரியா நஞ்சுகளுக்கு எதிரான சீரத்தால் விலங்குகளைக் காத்துக் காட்டியது இவ்வழியில்தான். பாம்புக்கடிக்கு இன்றும் தரப்படும் நச்சுமுறி ஊசியும், முடக்குவாதத்துக்குத் தரப்படும் அடாலிமுமாபும் இதே வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது, குறியிட்டு அழித்தல். 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிட்டுக்சிமாப், பி செல்களின் மேலுள்ள சிடி20 என்ற மூலக்கூறைப் பற்றித் தன் தண்டின்மூலம் கொல்லும் செல்களை வரவழைத்து, லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றைத் தாக்குகிறது.

மூன்றாவது வழி மற்ற இரண்டிலிருந்தும் தன்மையிலேயே வேறானது. செல்லின் மேலிருந்து வெளிச் சமிக்ஞைகளைப் பெறும் ஓர் ஏற்பியை எதிர்ப்பொருள் பற்றும்போது, அந்த ஏற்பி அடைபடுவதற்கு மாறாக இயக்கம் கொள்ளக்கூடும். இயல்பாக வந்து சேரவேண்டிய சமிக்ஞை வந்துவிட்டதாகச் செல் எடுத்துக்கொண்டு செயலில் இறங்கிவிடும். தடுக்கும் எதிர்ப்பொருளை மிகுதியாகக் கொடுத்தால், தடுப்பதற்கு எஞ்சியிருப்பது தீர்ந்ததும் அதன் விளைவும் பெரும்பாலும் ஓர் எல்லையில் நின்றுவிடும். தூண்டும் எதிர்ப்பொருளின் விளைவு அப்படி எளிதில் நின்றுவிடாது. தூண்டப்பட்ட செல் பெருகும், மற்றச் செல்களுக்குச் செய்தி சொல்லும் சைட்டோகைன்கள் என்னும் புரதங்களைச் சுரக்கும், அவை வேறு செல்களைத் தூண்டும், இப்படி விளைவு மருந்தின் அளவைத் தாண்டிச் சென்றுவிடும். டிஜிஎன்1412 இந்த மூன்றாவது இனத்தைச் சேர்ந்தது.

தூண்டும் இயல்பு மருத்துவர்களுக்குப் புதிதாக இருக்கவில்லை. ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் 1975இல் கேம்பிரிட்ஜில் ஒரே வகை எதிர்ப்பொருளை முடிவில்லாமல் சுரக்கும் கலப்புச் செல்களை உருவாக்கிய பின், மனிதருக்கான சிகிச்சைக்கு முதன்முதலில் ஒப்புதல் பெற்ற மோனோகுளோனல் எதிர்ப்பொருள் முரோமோனாப். 1986இல் வந்த இம்மருந்து, மாற்றப்பட்ட சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க நோய் எதிர்ப்பை முன்னின்று நடத்தும் டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்களை அடக்கும் நோக்கத்தோடு தரப்பட்டது. ஆனால் அது டி செல்களை ஒடுக்குவதற்கு முன் ஒருமுறை கிளறிவிடும். முதல் ஊசிக்குப் பின் நோயாளிகளுக்குக் குளிர்நடுக்கமும் காய்ச்சலும், சிலருக்கு நுரையீரலில் நீர்கோப்பும் ஏற்பட்டன. டி செல்லைப் பற்றும் எதிர்ப்பொருள் எதுவாயினும் முதல் மணி நேரத்தில் சைட்டோகைன்களைக் கண்காணிக்க வேண்டும் என்பதற்கு, லண்டன் சோதனைக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே சான்று இருந்தது.

வூர்ட்ஸ்பர்க்கில் பிறந்த கருத்து

டி செல் ஒன்று செயலில் இறங்க இரண்டு சமிக்ஞைகள் வேண்டும். தன் ஏற்பி அடையாளம் காணும் அந்நியப் பொருளிடமிருந்து ஒன்று வரும். அதைக் கொண்டுவந்து காட்டும் செல்லிடமிருந்து சிடி28 என்ற மூலக்கூறின் வழியே மற்றொன்று வரும். வங்கி லாக்கரைத் திறக்க வாடிக்கையாளரின் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தே வேண்டும் என்பதைப் போன்ற ஏற்பாடு இது. தன் உடலையே தாக்கிவிடாமல் நோய் எதிர்ப்பு மண்டலம் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் முறைகளில் இது முக்கியமான ஒன்று.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹ்யூனிக்கின் குழு, சிடி28இன் ஒரு குறிப்பிட்ட பக்கவாட்டு வளைவைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் முதல் சமிக்ஞையே இல்லாமல் டி செல்லை முழுமையாக இயக்கிவிடுவதை எலிகளில் கண்டறிந்தது. கேட்ட மாத்திரத்தில் இது ஆபத்தான பண்பாகவே தோன்றும். ஆனால் எலிகளில் நிகழ்ந்தது நேர்மாறானது. மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களே அதிகம் பெருகின. தன்னுடல் தாக்கு நோய்கள் தணிந்தன. இக்கண்டுபிடிப்பை மருந்தாக்கவே அந்நகரில் டெஜெனரோ என்ற சிறு நிறுவனம் தோன்றியது. மனித சிடி28ஐப் பற்றும் சுண்டெலி எதிர்ப்பொருளின் நுனிகள் மனித எதிர்ப்பொருளின் உடலோடு பொருத்தப்பட்டன. அதற்கு ஐஜிஜி4 வகைத் தண்டு தேர்ந்தெடுக்கப்பட்டது. மற்றச் செல்களை வரவழைத்துக் கொல்லும் திறன் அந்த வகைத் தண்டுக்குக் குறைவு என்பதால் அது பாதுகாப்பான தேர்வாகக் கருதப்பட்டது. முடக்குவாதமும் நாட்பட்ட பி செல் இரத்தப்புற்றும் அதன் எதிர்காலப் பயன்களாகக் கொள்ளப்பட்டன. உற்பத்தியைப் பேரிங்கர் இங்கல்ஹைம் செய்து கொடுத்தது.

மனிதருக்குத் தருவதற்கு முன் மருந்து நீண்டவால் குரங்குகளில் சோதிக்கப்பட்டது. அக்குரங்குகளின் சிடி28இல் செல்லுக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதி மனிதரின் சிடி28ஓடு ஒத்திருந்ததால், அவை பொருத்தமான விலங்கு என்று முடிவு செய்யப்பட்டது. உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை திரும்பத் திரும்பக் கொடுத்தும் குரங்குகளுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு நேரவில்லை. விலங்குக்குத் தீங்கு செய்யாத உச்ச அளவை எடுத்து, உடற்பரப்பு வேறுபாட்டுக்காகச் சுருக்கி, அதிலும் குறைந்தது பத்தில் ஒரு பங்கை மனிதருக்கான முதல் அளவாகக் கொள்வது அன்றைய வழக்கம். அந்தக் கணக்கின்படி கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் கூட அனுமதிக்கப்பட்டிருக்கும். நிறுவனம் அதையும் குறைத்து 0.1 மில்லிகிராமில் நின்றது. குரங்குகள் தாங்கிய அளவில் இது ஐந்நூறில் ஒரு பங்கு. தாள்களின்மேல் வைத்துப் பார்த்தால் இவர்கள் விதி கேட்டதைவிடக் கூடுதல் எச்சரிக்கையோடு நடந்துகொண்டவர்கள். இதை மறந்துவிட்டு அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று எளிதில் ஒதுக்கிவிட்டால், நிகழ்வின் உண்மையான பிழை கண்ணில் படாமலே போய்விடும்.

மார்ச் 13: நிமிடக்கணக்கும் மணிக்கணக்கும்

காலை எட்டு மணியளவில் முதல் ஊசி. ஒவ்வொருவருக்கும் மருந்து மூன்று முதல் ஆறு நிமிடங்களுக்குள் செலுத்தி முடிக்கப்பட்டது. அடுத்தவருக்குத் தொடங்குமுன் விடப்பட்ட இடைவெளி ஏறத்தாழ பத்து நிமிடம். எட்டு பேருக்கும் கொடுத்து முடிக்கச் சுமார் எழுபது நிமிடங்கள் ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். முதல் அறிகுறிகள் தோன்றியதோ ஊசி போட்டதிலிருந்து 50 முதல் 90 நிமிடங்களில். ஆகவே முதலில் மருந்து பெற்றவரின் தலைவலி மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக அமைந்திருக்கக்கூடிய வேளையில், அநேகமாக எல்லோருக்கும் மருந்து போய்ச் சேர்ந்திருந்தது. கடுமையான தலைவலியைத் தொடர்ந்து முதுகுவலி, தசைவலி, குமட்டல், வயிற்றுப்போக்கு, தோல் சிவத்தல், காய்ச்சல் ஆகியவை வந்தன. இரத்த அழுத்தம் சரிந்தது.

இரத்தத்தில் நடந்ததை, நார்த்விக் பார்க் தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் கணேஷ் சுந்தரலிங்கமும் அவருடைய சக மருத்துவர்களும் அதே ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் விரிவாகப் பதிவு செய்தனர். கட்டி நசிவுக் காரணி என்னும் டிஎன்எஃப் ஆல்ஃபா முதல் ஒரு மணி நேரத்திலேயே ஏறியது. அடுத்த சில மணி நேரத்தில் இன்டர்ஃபெரான் காமா, இன்டர்லூக்கின் 2, 6, 10 உள்ளிட்ட பல சைட்டோகைன்கள் ஒருங்கே உயர்ந்தன. அதேசமயம், 24 மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டத்திலிருந்து லிம்ஃபோசைட்டுகள், மோனோசைட்டுகள் என்னும் வெள்ளை அணுக்கள் ஏறத்தாழக் காணாமலே போயின. நுரையீரல்களில் நீர் படிந்தது, சிறுநீரகங்கள் செயலிழந்தன, இரத்தம் சிறு நாளங்களுக்குள் உறையத் தொடங்கியது. ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டனர். தொற்றுக் கிருமி எதுவும் இல்லாமல், தூய்மையான ஒரே தூண்டலிலிருந்து சைட்டோகைன் புயல் எப்படி எழுந்து எந்த வரிசையில் பரவுகிறது என்பதை நிமிடம் குறித்த நேரத்தோடு காட்டும் பதிவாக அக்கட்டுரை இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது.

இப்படியொரு நோய்க்கு முன்மாதிரிச் சிகிச்சை எதுவும் அன்று இல்லை. மருத்துவர்கள் மீதைல்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டை உயர்ந்த அளவில் கொடுத்தனர். செயலிழந்த சிறுநீரகங்களுக்கு டயாலிசிஸ், தேவைப்பட்டவர்களுக்குச் செயற்கைச் சுவாசம். இவற்றோடு டி செல்களின் இன்டர்லூக்கின் 2 ஏற்பியை அடைக்கும் டாக்லிசுமாபும் தரப்பட்டது. அதாவது ஓர் எதிர்ப்பொருள் கிளப்பிய புயலை அடக்க மற்றோர் எதிர்ப்பொருளை நாடினார்கள். ஆறு பேரும் பிழைத்தனர். இருவருக்கு உறுப்புகளைத் தாங்கும் தீவிரச் சிகிச்சை 8 நாட்களும் 16 நாட்களும் தேவைப்பட்டது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒருவர், இரத்த ஓட்டம் தடைபட்டுக் கருகியதால் கால் விரல்களையும் கைவிரல்களின் நுனிகளையும் இழந்தார்.

விசாரணை கண்டதும், ஆய்வகம் பின்னர் கண்டதும்

பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதனையை உடனே நிறுத்தி, மருந்தின் தொகுதியையும் செலுத்தப்பட்ட அளவையும் பதிவேடுகளையும் ஆராய்ந்தது. நடைமுறையில் சில குறைகள் காணப்பட்டாலும், அவற்றால் இந்த விளைவு நேர்ந்திருக்காது என்றும், மனித உடலில் மருந்து காட்டிய, எதிர்பார்க்கப்படாத உயிரியல் செயலே காரணம் என்றும் அது முடிவுக்கு வந்தது. பின்னர் கார்டன் டஃப் தலைமையில் அரசு அமைத்த வல்லுநர் குழு அவ்வாண்டின் இறுதியில் 22 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அதற்குள் டெஜெனரோ நொடித்துப் போயிருந்தது.

அக்குழுவின் பகுப்பாய்வில் என்னை அதிகம் நிறுத்திவைப்பது ஓர் எளிய கணக்கு. கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பது எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 7 மில்லிகிராம். இது சிறிய அளவாகத் தோன்றுகிறது. ஆனால் மருந்தின் மூலக்கூறுகளையும், உடலில் உள்ள டி செல்களின்மேல் இருக்கும் சிடி28 ஏற்பிகளையும், அவற்றுக்கிடையே உள்ள பற்றுதலின் வலிமையையும் கொண்டு கணக்கிட்டால், அந்த அளவிலேயே ஏறத்தாழ 90 சதவீத ஏற்பிகள் நிரம்பிவிடுகின்றன. எனவே முதல் சோதனையின் முதல் அளவே அநேகமாக உச்ச விளைவைத் தரும் அளவு. இந்தக் கணக்கைச் செய்யத் தேவையான எண்கள் சோதனைக்கு முன்பே இருந்தன. குரங்குகளின் பேரில் கிடைத்த ஆறுதல் அந்தக் கணக்கைத் தேவையற்றதாகக் காட்டிவிட்டது. எவ்வளவு கொடுத்தால் தீங்கு வராது என்ற கேள்வி பொதுவான நஞ்சியலுக்குப் பொருந்தும். தூண்டும் எதிர்ப்பொருளிடம் கேட்கவேண்டியதோ, எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் முதல் அசைவு தெரியும் என்பது.

குரங்குகள் ஏன் எச்சரிக்கவில்லை என்பதற்கான விடை சில ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. பிரிட்டனின் உயிரியல் மருந்துத் தரக்கட்டுப்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, மனிதரில் புயலைக் கிளப்பியவை சிடி4 வகை வினையாற்று நினைவு டி செல்கள் என்று காட்டியது. முன்பு சந்தித்த நோய்களை நினைவில் வைத்திருந்து மறுமுறை உடனே பாயும் செல்கள் இவை. மனிதரில் இச்செல்களின்மேல் சிடி28 இருக்கிறது. அந்தக் குரங்கினத்தில் அதே செல்கள் முதிரும்போது சிடி28ஐ இழந்துவிடுகின்றன. சிடி28 மூலக்கூறின் வடிவம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தவர்கள், அந்த மூலக்கூறு எந்தச் செல்லின்மேல் இருக்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எலிகள் கைவிட்டதற்குக் காரணம் வேறு. நோய்த்தொற்று அண்டாத தூய கூண்டுகளில் வளரும் ஆய்வக எலிகளிடம், பல தொற்றுகளைக் கண்டு வளர்ந்த மனிதரிடம் இருக்கும் அளவுக்கு நினைவுச் செல்கள் இருப்பதில்லை.

மனித இரத்தச் செல்களை வைத்தும் சோதனைக் குழாயில் முன்பே பார்த்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஆனால் கரைசலாகச் சேர்த்தால் டிஜிஎன்1412 அச்செல்களிடம் பெரிய விளைவு எதையும் காட்டுவதில்லை. எதிர்ப்பொருளைத் தட்டின் பரப்பில் உலர்த்திப் பதித்துவிட்டு அதன்மேல் செல்களை இட்டால்தான், லண்டனில் கண்டதை ஒத்த சைட்டோகைன் வெளியேற்றம் நிகழ்கிறது. இரத்த நாளச் சுவர்ச் செல்களோடு சேர்த்து வளர்த்தாலும் அவ்வாறே. ஹ்யூனிக்கின் குழு வேறொரு வழியைக் கண்டது. இரத்தச் செல்களை நெருக்கமாக அடைத்து ஓரிரு நாட்கள் வளர்த்தபின், கரைசலாகச் சேர்த்த மருந்துக்கே அவை விழித்துக்கொண்டன. திசுக்களுக்குள் டி செல்கள் நெருங்கி வாழும் நிலை, இரத்தத்தில் தனித்து மிதக்கும்போது இழக்கப்படுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். மோனோசைட்டுகளின் மேலுள்ள ஓர் ஏற்பி எதிர்ப்பொருளின் தண்டைப் பிடித்து நிறுத்துவதும் இந்தத் தூண்டலுக்குத் தேவை என்று 2015இல் தெரியவந்தது. தண்டு செயலற்றது என்ற நம்பிக்கையில் ஐஜிஜி4ஐத் தேர்ந்தவர்கள் எதிர்பார்த்திராத பங்கு இது.

இவை அனைத்தும் பின்னறிவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிடி28 இழப்பை யாரும் ஊகித்திருக்க முடியாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. பத்து நிமிட இடைவெளிக்கு அந்த வாதம் பொருந்தாது. எதிர்பாராததை எதிர்பார்ப்பதற்காகவே முதல் மனிதச் சோதனை நடத்தப்படுகிறது. புதுவகைத் தூண்டியை ஒருவருக்குக் கொடுத்து, ஒரு நாளாவது பார்த்துவிட்டு அடுத்தவருக்குத் தருவதற்கு உயிரியலில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் பாதிக்கப்பட்டவர் ஆறு பேராக இருந்திருக்க மாட்டார்கள். என் கணிப்பில், இந்நிகழ்வில் மன்னிக்கக் கடினமான பிழை அளவைவிட இந்த அவசரமே.

விதிகளில் வந்த மாற்றமும் மருந்தின் மறுவரவும்

ஐரோப்பிய மருந்து முகமை 2007இல் முதல் மனிதச் சோதனைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. விலங்கு தாங்கிய அளவிலிருந்து மட்டும் கீழிறங்கி வராமல், உயிரியல் விளைவு முதன்முதலில் எதிர்பார்க்கப்படும் மிகக் குறைந்த அளவிலிருந்து மேலேறிச் செல்லும் கணக்கு முறை அதன்மூலம் நிலைபெற்றது. ஒருவருக்கு முதலில் கொடுத்துக் காத்திருந்து பார்ப்பதும், மனித இரத்தச் செல்களில் சைட்டோகைன் வெளியேற்றத்தைச் சோதிப்பதும் நடைமுறையாயின.

புயலைப் பற்றிக் கற்றது வேறொரு துறைக்கும் பயன்பட்டது. நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்துப் புற்றுக்கு எதிராக ஏவும் கார்-டி சிகிச்சையில் இதேபோன்ற சைட்டோகைன் வெள்ளம் எழுகிறது. 2012இல் ஃபிலடெல்ஃபியாவில் இரத்தப்புற்றுக்கு அச்சிகிச்சை பெற்ற ஒரு குழந்தை உயிருக்குப் போராடியபோது, இன்டர்லூக்கின் 6இன் அளவு மிக உயர்ந்திருப்பதைக் கண்ட மருத்துவர்கள் அதன் ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாபைக் கொடுத்தனர். முடக்குவாதத்துக்காக உருவான அந்தத் தடுப்பு எதிர்ப்பொருள் விரைவில் பலன் தந்தது. 2017இல் இந்நிலைக்கு அது அமெரிக்காவில் முறையான ஒப்புதலும் பெற்றது.

டிஜிஎன்1412 கதையும் 2006ஓடு முடியவில்லை. அதன் உரிமையை வாங்கிய தெராமாப் என்ற நிறுவனம், டாப்08 என்ற பெயரில் அதே எதிர்ப்பொருளை ரஷ்யாவில் மீண்டும் மனிதர்களுக்குக் கொடுத்தது. இம்முறை தொடக்க அளவு கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம், லண்டனில் தரப்பட்டதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. படிப்படியாகக் கிலோவுக்கு 7 மைக்ரோகிராம் வரை உயர்த்தியும், அழற்சி சைட்டோகைன்கள் எழவில்லை. அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின் 10 மட்டும் அளவுக்கேற்ப உயர்ந்தது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் தூண்டப்பட்டதன் அறிகுறியாக அதை ஆய்வாளர்கள் கொண்டனர். நினைவுச் செல்கள் விழிக்காத அளவில் ஒழுங்குபடுத்தும் செல்கள் விழித்துக்கொள்கின்றன. ஹ்யூனிக்கின் குழு எலிகளில் கண்ட கருத்து மனிதரிலும் சரியாகவே இருந்தது. அது செயல்படும் அளவு, 2006இல் கொடுக்கப்பட்டதற்கு வெகு கீழே இருந்தது. அதன்பின் முடக்குவாத நோயாளிகளிடம் அந்த எதிர்ப்பொருளின் அடுத்த கட்டச் சோதனைகள் தொடங்கப்பட்டன.